ஷிப்ட் வேலைக்கு நடுவே பாதுவான்ஜின்

சீகோங் பழக ஆசை என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதுதான்: ஒரே ஒரு தொகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள், அதிலேயே இருங்கள். சீகோங் என்பது தனி ஒரு பயிற்சி இல்லை. அசையாமல் நிற்பது, உட்கார்ந்து செய்வது, விலங்குகளைப் போல அசைவது, வாயால் ஒலி எழுப்பி மூச்சை விடுவது என்று ஏகப்பட்ட சீன உடற்பயிற்சி முறைகளுக்குச் சேர்த்துச் சொல்லும் பெயர் அது. யூடியூபைத் திறந்தால் நாளுக்கொரு முறை கண்ணில் படும். வாரத்துக்கு ஒன்றாக மாற்றிக்கொண்டே போனால் அசைவுகளை நினைவில் வைப்பதிலேயே கவனம் போய்விடும். உடம்பைக் கவனிக்க நேரம் கிடைக்காது.

நான் பழகியது பாதுவான்ஜின். எட்டு அசைவுகள், முன்னும் பின்னும் சேர்த்துக் கால்மணி நேரம். சிங்கப்பூரில் இதைத் தேடிப் போக வேண்டிய தேவையே இல்லை. எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி வீடு) புளோக்கின் கீழ்த்தளத்தில் காலை ஏழு மணிக்கு, வெளிச்சம் வரும் நேரத்தில், பத்துப் பன்னிரண்டு பேர் வரிசையாக நிற்பார்கள். பெரும்பாலும் எழுபதைத் தாண்டிய சீன ஆன்ட்டிகள், கூடவே இரண்டு மூன்று அங்கிள்கள். தூணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கர். மெல்லிய இசைக்கு நடுவே அடுத்த அசைவின் பெயரை மாண்டரினில் சொல்லும் குரல். நான் மருத்துவமனையில் நர்ஸ். இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது அவர்களைத் தாண்டித்தான் லிஃப்டுக்குப் போக வேண்டும். முன்னால் நின்று நடத்தும் ஆன்ட்டி, "மிஸ்ஸி, வா, வா, கொஞ்ச நேரம்தான்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். இங்கே பழைய தலைமுறைக்கு நர்ஸ் என்றால் மிஸ்ஸிதான். நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்தும் தூக்கி உட்காரவைத்தும் எனக்கு அப்போது கழுத்தும் தோளும் எந்நேரமும் இறுகிப்போய் இருக்கும். தூக்கமும் சரியாக வராது. ஒருநாள் பையைத் தூண் ஓரம் வைத்துவிட்டுக் கடைசி வரிசையில் நின்றேன்.

இந்தத் தொகுப்பைத்தான் எடுக்கச் சொல்வேன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இது பழசு. சோங் வம்ச காலத்து எழுத்துகளிலேயே பாதுவான்ஜின் என்ற பெயர் வருகிறது. அதையும் தாண்டிப் போனால், ஹூனான் மாநிலத்துச் சாங்ஷா நகரில் உள்ள மாவாங்துய் கல்லறையில் 1973-இல் ஒரு பட்டு ஓவியம் கிடைத்தது. கி.மு. 168-இல் மூடப்பட்ட கல்லறை அது. ஓவியத்தில் ஆணும் பெண்ணுமாக 44 பேர் கையை விரித்தும் குனிந்தும் நிமிர்ந்தும் பயிற்சி செய்கிறார்கள். அவர்கள் செய்வது பாதுவான்ஜின் அல்ல. ஆனால் உடம்பை நீட்டி மூச்சை ஒழுங்காக்கி நலம் காக்கும் வழக்கம் அந்த நாட்டில் எவ்வளவு ஆழமாக ஓடுகிறது என்பதற்கு அது சான்று. பல நூற்றாண்டுகள் கைமாறி வந்ததில் பாதுவான்ஜினுக்கும் ஊருக்கு ஊர், குருவுக்குக் குரு வேறுபாடு வந்துவிட்டது. 2003-இல் சீன அரசின் விளையாட்டுத் துறை இதையும் இன்னும் மூன்று தொகுப்புகளையும் சீர்படுத்திப் பொது வடிவமாக வெளியிட்டது. மற்ற மூன்று: யீஜின்ஜிங், ஐந்து விலங்குகளின் அசைவுகளான வூச்சின்ஷி, ஆறு ஒலிகளைக் கொண்ட லியூட்ஸிஜுவே. பொது வடிவம் இருப்பதால் புதிதாகக் கற்பவருக்குப் பெரிய வசதி. அந்த வடிவத்தை எங்கே கற்றாலும் வரிசை ஒன்றுதான். ஒரு வீடியோவில் புரியாததை இன்னொன்றில் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம்.

வரிசை இப்படிப் போகும். இரண்டு கையாலும் வானத்தைத் தாங்குவது முதல் அசைவு. அடுத்தது இடமும் வலமும் வில்லை இழுப்பது. மூன்றாவதில் ஒரு கை மேலே, மறு கை கீழே அழுத்தும். நான்காவது, தலையைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது. ஐந்தாவதில் அகலமாகக் காலை வைத்துத் தாழ்ந்து, தலையையும் இடுப்பையும் சுழற்ற வேண்டும். ஆறாவதில் கைகளை முதுகு வழியாக இறக்கிக் குனிந்து பாதத்தைத் தொடுவது. ஏழாவது, கண்ணை அகல விழித்து முஷ்டியால் குத்துவது. கடைசியாகக் குதிகாலை உயர்த்தி ஏழு முறை மெதுவாகத் தரையில் தட்டுவது. பல அசைவுகள் எதற்கு நல்லது என்று அவற்றின் பெயரிலேயே சொல்லியிருப்பார்கள். வானத்தைத் தாங்கினால் உடலின் மூன்று பகுதிகளும் சீராகும், ஒரு கையை உயர்த்தினால் வயிற்றுக்கு நல்லது, இப்படி. சீன மருத்துவத்தின் கணக்கு அது.

சீகோங்கில் உடம்பு, மூச்சு, மனம் மூன்றையும் ஒழுங்காக்க வேண்டும் என்பார்கள். வரிசையும் அதுவேதான், உடம்புதான் முதலில். நம் ஆட்கள் பலர் நேராக மூச்சுக்கும் மனசுக்கும் போய்விடுகிறார்கள். நிற்கத் தெரியாமல் மற்ற இரண்டும் வராது. எங்கள் ஆன்ட்டி முதல் சில வாரங்கள் என் அசைவுகளைத் திருத்தவே இல்லை. நிற்பதைத்தான் திருத்தினார்.

இரண்டு பாதமும் தோள் அகலத்தில், ஒன்றுக்கொன்று இணையாக. நின்ற இடத்தில் இப்போதே குனிந்து பாருங்கள், உங்கள் கால்விரல்கள் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அதை நேராக்கினாலே ஏதோ கோணலாக நிற்பது போலத் தோன்றும். சில நாளில் பழகிவிடும். முழங்காலை இறுக்கிப் பூட்டக் கூடாது, லேசாகத் தளர்த்த வேண்டும். அப்புறம் வால் எலும்பைத் தரையை நோக்கி இறக்க வேண்டும். உயரமான ஸ்டூலின் விளிம்பில் உட்காரப்போகிற மாதிரி இடுப்பு கொஞ்சம் கீழே போகும், முதுகின் வளைவு குறையும். பள்ளிக்கூட டிரில்லில் சொல்லிக்கொடுத்த நெஞ்சை நிமிர்த்தும் பழக்கம் இங்கே ஆகாது. நெஞ்சு தளர்ந்து, முகவாய் சற்று உள்ளே போய், உச்சந்தலை மேலே போக வேண்டும். நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் அண்ணத்தைத் தொட்டிருக்கும். அக்குளை ஒட்டிக்கொள்ளாமல் காற்று போகிற அளவு இடம் விட வேண்டும்.

இதையெல்லாம் செய்த பிறகும் தோள் மேலேறியே இருக்கும். நமக்கே தெரியாது. ஆன்ட்டி எனக்குப் பின்னால் வந்து இரண்டு விரலால் தோளை அழுத்தி, "ஃபாங் சோங், ஃபாங் சோங்" என்பார். தளர்த்து, தளர்த்து என்று அர்த்தம். அவர் விரல் பட்ட பிறகுதான் தோள் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று தெரியும். வீட்டில் தனியாகச் செய்பவர்கள் கண்ணாடியை நம்ப வேண்டாம். மூச்சை விடும்போது தோளைத் தானாக விழ விடுங்கள். மூன்று மூச்சுக்குள் எவ்வளவு கீழே வந்தது என்று கவனித்தால் போதும்.

எதுவும் செய்யாமல் இப்படியே ஐந்து நிமிடம் நிற்பது தனிப் பயிற்சியே. ஜான் ஜுவாங் என்பார்கள். இரண்டாவது நிமிடத்திலேயே தொடை சூடேறும், கை கனக்கும். வலியில்லாத வரை அது நல்ல அறிகுறி. பாதுவான்ஜின் கற்க ஆள் கிடைக்காதவர்கள் முதல் மாதம் இதை மட்டும் செய்தாலே போதும்.

ஒரு அசைவை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், வில் இழுப்பது. இடது காலை அகலமாக வைத்து, மணிக்கட்டுகளை நெஞ்சுக்கு முன்னால் குறுக்காகச் சேர்க்க வேண்டும். அங்கிருந்து குதிரை மேல் உட்காருவது போல இறங்கும்போதே ஒரு கை நாணை இழுக்கும், மறு கை வில்லைத் தள்ளும். நாண் பிடிக்கும் கையின் விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியிருக்கும். முழங்கை தோள் உயரத்திலிருந்து கீழே சரியக் கூடாது. வில் பிடிக்கும் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் விரிந்து நிற்கும், மற்ற மூன்றும் மடங்கும். உள்ளங்கை வெளியே பார்க்கும்படி மணிக்கட்டை நன்றாக மேலே வளைக்க வேண்டும். பார்வை அந்த ஆள்காட்டி விரலைத் தாண்டி தூரத்தில் இருக்கும். சரியாகச் செய்தால் முன்கையின் உள்பக்கம் முழுக்க ஒரு இழுப்புத் தெரியும், தோள்பட்டை எலும்புகள் இரண்டும் முதுகில் நெருங்கும். நாள் முழுக்க ஐவி செட் போட்டு, கணினியில் குறிப்பெழுதி, கை முன்பக்கமே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இந்த ஒன்றே பெரிய மருந்து. முழங்கால் மட்டும் உள்பக்கம் சாயக் கூடாது, பாதம் பார்க்கும் திசையிலேயே போக வேண்டும். தாழ்ந்து உட்கார்ந்து முழங்கால் உள்ளே மடிவதைவிட, உயரமாகவே நின்று சரியாகச் செய்வது எவ்வளவோ மேல். எங்கள் குழுவில் எண்பதைத் தொடும் ஓர் அங்கிள் கிட்டத்தட்ட நின்றபடியேதான் வில்லை இழுக்கிறார். பார்க்கவே அழகாக இருக்கும்.

மூச்சு. பிராணாயாமம் பழகிய நம் ஆட்களுக்கு இங்கேதான் சிரமம். மூச்சை நிறுத்திவைக்கும் கும்பகம், எண்ணிக்கை, இழுப்பதற்கும் விடுவதற்கும் ஒரு விகிதம் என்று அங்கே மூச்சைக் கையில் பிடித்துப் பழகியிருப்போம். பாதுவான்ஜினில் தொடக்கத்தில் மூச்சைத் தொடவே கூடாது. மூக்கு வழியாக இயல்பாகப் போய் வரட்டும். அசைவு மெதுவாகவும் சீராகவும் ஆனதும் மூச்சு அதோடு சேர்ந்துகொள்ளும். கை மேலே போகும்போதும் விரியும்போதும் உள்ளே வரும், இறங்கும்போதும் மடங்கும்போதும் வெளியே போகும். பாட்டின் வேகம் உங்கள் மூச்சைவிட மெதுவாக இருந்தால் நடுவில் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள். குழுவோடு கை ஒத்துப்போக வேண்டுமே என்பதற்காக மூச்சை இழுத்துப் பிடிக்காதீர்கள். மூச்சை அடக்கி முக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். இதை வார்டில் தினமும் பார்க்கிற ஆள் நான். முஷ்டியால் குத்தும் ஏழாவது அசைவில்தான் நிறையப் பேர் தெரியாமலே மூச்சை அடக்குகிறார்கள்.

மனத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பார்வை கையோடு போகட்டும், பாரம் எந்தப் பாதத்தில் இருக்கிறது என்று கவனம் இருக்கட்டும். எண்ணம் வேறு எங்காவது போனால் மறுபடி பாதத்துக்கு வாருங்கள். தொப்புளுக்குக் கீழே இரண்டு மூன்று விரற்கடை இறங்கினால் தான்தியென் என்று ஒரு இடம் சொல்வார்கள். முடிக்கும்போது கைகளை அங்கே வைத்து நிற்பது வழக்கம்.

உள்ளங்கை சூடாகும், விரல் நுனி துடிக்கும், கொட்டாவி வரும், வயிறு சத்தம் போடும். இவையெல்லாம் சீ, அதாவது உயிர்ச்சக்தி, உடம்பில் ஓடுவதன் அடையாளம் என்று ஆன்ட்டி நம்புகிறார். தசைகள் தளர்ந்து இரத்த ஓட்டம் மாறுகிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே அசைவைச் செய்கிறோம், எந்தக் குழப்பமும் இல்லை. அந்த உணர்வுகளைத் தேடிப் போக வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. வந்தால் வரட்டும், வராத நாளிலும் பயிற்சி பயிற்சிதான். ஆனால் சீகோங் செய்தால் சர்க்கரை மாத்திரையை நிறுத்தலாம், தூரத்தில் இருந்தே சீயை அனுப்பி நோயைக் குணமாக்குவோம் என்று யாராவது பணம் கேட்டால், தயவுசெய்து விலகி வந்துவிடுங்கள். மாத்திரை விஷயத்தில் முடிவெடுக்க வேண்டியவர் உங்கள் டாக்டர் மட்டும்தான்.

இனி, தினமும் செய்வது எப்படி என்ற விஷயம். எனக்குக் காலை ஷிப்ட் என்றால் ஏழு மணிக்கு வார்டில் இருக்க வேண்டும், குழுவோடு நிற்க முடியாது. மாலை ஷிப்ட் வாரத்தில் முடியும். இரவு ஷிப்ட் என்றால் வரும் வழியில் சேர்ந்துகொள்ளலாம், ஆனால் கண் சொருகும். இத்தனை மணிக்குச் செய்வேன் என்று வைத்துக்கொண்டால் மாதத்தில் பாதி நாள் தவறும். அதனால் நேரத்தை விட்டுவிட்டு, எந்த ஷிப்டிலும் மாறாத ஒன்றோடு பயிற்சியைக் கட்டிப்போட்டேன். எழுந்ததும் நான் கோப்பி கலக்குவேன், அது காலை நான்கரையோ மதியம் இரண்டோ. கோப்பிக்கு முன்னால் பாதுவான்ஜின். தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு ஹாலில் சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில் நிற்பேன். இருபக்கமும் கையை விரிக்கவும் ஒரு காலை அகலமாக வைக்கவும் இடம் இருந்தால் போதும். பாய் வேண்டாம், வெறுங்காலோ தட்டையான துணிச் செருப்போ சரி. அந்த நேரத்தில் போன் படுக்கை அறையிலேயே இருக்கும். பாட்டும் போடுவதில்லை, வரிசை உடம்புக்கு வந்துவிட்டால் பாட்டு தேவைப்படாது.

முழுத் தொகுப்புக்கும் நேரம் இல்லாத நாளில் முதல் அசைவையும் கடைசி அசைவையும் மட்டும் செய்வேன், மூன்று நிமிடம். வேகமாக எட்டையும் முடிக்கப் பார்ப்பதைவிட இரண்டை நிதானமாகச் செய்வது நல்லது. இரவு ஷிப்ட் முடிந்து களைத்து வரும் காலையில் தாழ்ந்து உட்காரும் அசைவுகளை விட்டுவிடுவேன். கையை வயிற்றில் வைத்துச் சும்மா நிற்பேன். அதன்பிறகு படுத்தால் தூக்கம் சீக்கிரம் வருகிறது. மாறாக, குத்துவதையும் சுழற்றுவதையும் அந்த நேரத்தில் சுறுசுறுப்பாகச் செய்தால் எனக்குத் தூக்கம் கலைந்துவிடும். வயிறு நிறையச் சாப்பிட்டால் ஒரு மணி நேரமாவது போகட்டும்.

வெளியே செய்பவர்களுக்கு இந்த ஊரில் ஒரு எச்சரிக்கை. சுமத்ரா காற்று அடித்து மழை பெய்த காலைகளில் கீழ்த்தளத்து ஓடுகள் சாரலில் வழுக்கும். அன்று குதிகால் தூக்கும் அசைவைத் தூணைப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள்.

உடல்நிலை சார்ந்து சில விஷயங்கள். வார்டில் விழுந்து இடுப்பு உடைந்து வரும் பெரியவர்களைப் பார்த்துப் பார்த்து இதில் எனக்குக் கவலை அதிகம். இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். ஆறாவது அசைவில் முழங்கால் வரை கை போனால் போதும், நிமிரும்போது நன்றாக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணழுத்த நோய் உள்ளவர்கள் தலையை இதயத்துக்குக் கீழே இறக்கக் கூடாது. எலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் முதுகை வளைத்துக் குனிவதை விட்டுவிடலாம், குதிகாலை இறக்குவதும் ஓசையில்லாமல் மெதுவாக இருக்கட்டும். ஐந்தாவது அசைவில் தலையைச் சுழற்றும்போது கிறுகிறுத்தால் இடுப்பை மட்டும் அசைத்துவிட்டுப் போகலாம், ஒன்றும் குறையாது. நிற்க முடியாதவர்கள் முதல் நான்கு அசைவுகளையும் கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தே செய்யலாம். என் மாமியார் அப்படித்தான் செய்கிறார், பாதம் இரண்டும் தரையில் நன்றாகப் பதிந்திருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

எனக்கு என்ன மாறியது? முதலில் கழுத்து. பின்னால் பார்க்கும் நான்காவது அசைவில் தொடக்கத்தில் தோள் வரைதான் பார்வை போகும். உடம்பைத் திருப்பாமல், உள்ளங்கைகளை வெளிப்பக்கம் திருகி, கழுத்தை மட்டும் திருப்பத் திருப்ப, சில மாதத்தில் பின்னால் இருக்கும் ஜன்னலின் ஓரம் தெரிய ஆரம்பித்தது. ஒற்றைக் காலில் நின்று காலுறை போட முடிகிறது. நோயாளியைத் தூக்கும்போது தோளால் இழுக்காமல் முழங்காலை மடித்து இறங்குகிறேன். அது பயிற்சியில் இருந்து தானாக வேலைக்கு வந்த பழக்கம். தூக்கம் முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன், சுழலும் ஷிப்ட் இருக்கும் வரை அது ஆகாது. ஆனால் படுத்துப் புரளும் நேரம் குறைந்திருக்கிறது. எடை குறையும் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு நடை வேண்டும்.

வேலை நெருக்கடியிலோ ஊருக்குப் போனதிலோ பயிற்சி விட்டுப்போவது எல்லோருக்கும் நடக்கும். மறுபடி தொடங்கும்போது விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். இரண்டு மூன்று நாள் நிற்பது மட்டும், பிறகு முதல் நான்கு அசைவு, பிறகு முழுசாக. முடிக்கும் முறையை எந்த நாளும் விடாதீர்கள். கைகளைத் தான்தியெனில் வைத்து மூச்சு அடங்கும் வரை நின்று, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, முகத்தைத் துடைப்பது போல மேலும் கீழும் தடவிவிட்டு, அப்புறம்தான் நகர வேண்டும். பயிற்சி முடிந்த அடுத்த நொடியே ஓடத் தொடங்கினால் கிடைத்த தளர்வு அங்கேயே போய்விடும்.

சிங்கப்பூரில் இருப்பவர்கள் அருகிலுள்ள சமூக மன்றத்திலோ வசிப்போர் குழுவிலோ கேட்டால் காலையில் எங்கே குழு நடக்கிறது என்று சொல்வார்கள். மொழி தெரியாதே என்று தயங்க வேண்டாம். எனக்கும் மாண்டரின் தெரியாது, முன்னால் நிற்பவரைப் பார்த்துச் செய்தால் போதும். கடைசி வரிசையில் நிற்பதில் மட்டும் ஒரு சிக்கல்: தலையைத் திருப்பும் அசைவுகளில் பார்க்க ஆள் இருக்காது. நடுவில் நில்லுங்கள். குழு இல்லாத ஊரில் இருப்பவர்கள் 2003-இன் பொது வடிவத்தைக் காட்டும் வீடியோ ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வாரத்துக்கு ஓர் அசைவு என்று இரண்டு மாதத்தில் எட்டையும் கற்கலாம். முன்பக்கமாக மட்டும் எடுத்த வீடியோ போதாது. பக்கவாட்டில் இருந்தும் காட்டுவதாகப் பாருங்கள், முழங்கால் எங்கே இருக்கிறது, முதுகு எப்படி இறங்குகிறது என்பதெல்லாம் அந்தக் கோணத்தில்தான் தெரியும்.